புனே மண் பந்தயமும் பழனி அடித்த காற்றும்

நாங்கள் காற்று அடித்த டயர்களோடு ஓடிய ஒரு பந்தயக் கார், புனேவில் மண் தடத்தில் வழுக்கி, ஓரத்தில் வைத்திருந்த பீப்பாயில் மோதியது. ஓட்டிய பெண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அந்தக் கார் தோற்றால் எனக்கு விற்கப்படும் என்பது பேச்சு. தோற்றால் லாபம் பார்க்கிறவனின் ஆளே டயரில் கை வைத்திருக்கிறான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நாமக்கல்லில் எனக்கு டயர் வியாபாரம். லாரி நிற்கும் இடத்தில் பஞ்சர் ஒட்டி ஆரம்பித்தவன், இன்று மூன்று கடை. கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர், மண் தடத்தில் ஓட்டத் தயாராக இருக்கிற பழைய கார் கேட்டார். விசாரித்ததில் புனே போபோடியில் ஜெயந்தி என்ற தமிழ்ப் பெண்ணிடம் ஒன்று இருப்பது தெரிந்தது. மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருடமாகச் சம்பளத்தில் பாதியைக் கார் தின்கிறது என்று வீட்டில் சண்டை. பிப்ரவரிப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் வந்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் விற்றுவிடுவது என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். தோற்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று என்னிடம் போனில் பேசி முடித்தார். தோற்பார் என்று நம்பித்தான் ரயில் ஏறினேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சேலத்திலிருந்து புனேவுக்கு ரயிலில் ஒரு பகல், ஒரு இரவு. மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய் சொச்சம். கூட வந்தது என் மனைவியின் தம்பி பழனி, கடையில் என் வலது கை. புனே ஸ்டேஷனிலிருந்து போபோடி எட்டு கிலோமீட்டர், ஆட்டோ மீட்டரில் நூற்று அறுபது. மீட்டர் போடாதவரிடம் ஏறாதீர்கள். அங்கிருந்து போசரி தாண்டிப் பந்தய இடம் இருபது கிலோமீட்டர் இருக்கும். ஜெயந்தியின் அண்ணன் சேகர், காரை ஏற்றிய டெம்போவிலேயே எங்களையும் ஏற்றிக்கொண்டார். போசரியில் கடைசல் பட்டறையில் வேலை, காருக்கு மெக்கானிக்கும் அவர்தான். வழியில் வடாபாவ், தலைக்கு இருபது ரூபாய். டீ வேறு கணக்கு.

காலையில் தடத்துக்குத் தண்ணீர் லாரி விட்டிருந்தார்கள். ஈர மண் டயரை நன்றாகப் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம், அதில் சிறந்த நேரம் கணக்கு. முதல் ஓட்டத்தில் ஜெயந்தி நான்காவது. நான் மனதுக்குள் லாரி வாடகை கணக்குப் போட ஆரம்பித்தேன்.

பதினொரு மணிக்கு மேல் தடம் மாறிவிட்டது. வெயிலும் கார்களும் சேர்ந்து மேல் மண்ணை வெளியே தள்ளிவிட, அடியில் இருந்த கெட்டித் தரை கறுத்துப் பளபளவென்று கிடந்தது, எண்ணெய் சிந்திய சிமென்ட் தரை மாதிரி. அதன்பிறகு சேகர் செய்ததைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. சூடான கத்தியை வைத்துப் புது டயரில் கோடு கோடாக அறுத்தார். முப்பது வருடமாக டயர் விற்கிறவன் முன்னால்!

"அம்மிணி, உங்கண்ணனுக்கு என்ன ஆச்சு? புது டயருங்க."

"கோடு போட்டாத்தாண்ணா ரப்பர் வளையும், சூடு ஏறும், தரையைப் பிடிக்கும்" என்றார் ஜெயந்தி. "இந்தத் தரைல எல்லாமே நரம் பண்ணணும். மெத்துமெத்துன்னு."

அதேபோல ஷாக் அப்சார்பரைத் தளர்த்தினார்கள். கார் ஒரு பக்கமாகச் சாயாமல் தடுக்கும் முன்பக்கக் கம்பியைக் கழற்றியே போட்டுவிட்டார்கள். சாய்ந்தால்தான் எடை டயர் மேல் உட்காருமாம். கடைசியாக நான்கு டயரிலும் காற்றை இறக்கிப் பதினெட்டுப் பவுண்டுக்குக் கொண்டுவந்தார் சேகர். காற்று குறைந்த டயர் தரையில் அகலமாகப் படியும்.

அதன்பின் ஜெயந்தி ஹெல்மெட் எடுக்கப் போனார், சேகர் ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கப் போனார், நான் டீ வாங்கப் போனேன். பழனி மட்டும் காரோடு நின்றான். பக்கத்தில் யாரோ வைத்திருந்த கம்ப்ரசரும் நின்றது.

நான் வரும்போது கார் இரண்டாவது ஓட்டத்துக்குக் கோட்டில் ஏறிவிட்டது. பழனி கை துடைத்துக்கொண்டே வந்தான்.

"மாமா, நாலு டயரும் செத்துக் கெடந்துச்சு. ஆருமே பாக்கல. முப்பத்திரண்டு வெச்சு உட்டுட்டேன்."

டீ கையிலேயே இருந்தது. நான் கத்துவதற்குள் கொடி இறங்கிவிட்டது. முதல் வளைவு எப்படியோ தப்பியது. இரண்டாவதில் கார் திரும்பவே இல்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம், நேராகப் போய்ப் பீப்பாய்.

கார் திரும்பி வந்ததும் சேகர் காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார். நான்கையும் பார்த்தார். பழனி செய்ததை நானே சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"இன்னாண்ணா, காரு வேணும்னா நேரா கேக்கறது. இதுக்கு ஒரு ஆளை வேற கூட்டியாந்தியா?"

பழனிக்கு முகம் செத்துவிட்டது. "சாமி சத்தியமாங்க, காத்து கம்மியா இருந்தா கை தானாப் போயிருதுங்க."

ஜெயந்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரோட்ல நிக்கற வண்டிக்கும் அடிப்பீங்களா?"

"ஆமாங்க, அடிச்சிருக்கான்" என்றேன். அது உண்மை. எங்கள் தெருவில் அவன் தொடாத சைக்கிள் இல்லை.

நடத்துகிறவர்களிடம் ஓடி, தவறு எங்களுடையது, மறு ஓட்டம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். உங்கள் ஆள், உங்கள் பொறுப்பு என்று மராத்தியில் கதவைச் சாத்தினார்கள். மிச்சம் ஒரே ஒரு ஓட்டம். வழுக்கும் தரையில் கார் எப்படிப் போகும் என்று பழக வேண்டிய ஓட்டம் வீணாகிவிட்டது.

"போதும். ஹவா எறக்கு அண்ணா, காத்து பழையபடி பதினெட்டுக்கு வரட்டும்" என்றார் ஜெயந்தி சேகரிடம்.

மூன்றாவது ஓட்டத்தைப் பார்த்தபோது ஜெயந்தி மனம் தளர்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். மண் பறக்கவில்லை, சத்தமில்லை. கார் படகு மாதிரி சாய்ந்து சாய்ந்து, முட்டையை மிதிப்பதுபோல ஆக்சிலேட்டரை மிதித்துப் போனது. மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டு வழுக்கிய இடத்தில் இது தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. நேரத்தை மைக்கில் சொன்னபோது நம்பமுடியவில்லை. நான்காம் இடத்திலிருந்து இரண்டாம் இடம். முதலிடத்துக்கு அரை வினாடிகூட வித்தியாசம் இல்லை.

இறங்கி வந்த ஜெயந்தி சாவியை என் முன்னால் நீட்டினார். "சொன்னா சொன்னதுதாண்ணா. எடுத்துக்குங்க." சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று கண்ட அதிர்ச்சிகளில் பெரியது இதுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதுபோலப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தொப்பி, முகத்துக்குத் துணி, மூடிய செருப்பு கட்டாயம். வெள்ளைச் சட்டை வேண்டாம். நுழைவு இருநூறு ரூபாய். திரும்ப வண்டி கிடைக்காது, போகும்போதே பேசி வையுங்கள். எங்களுக்கு டெம்போ இருந்ததால் பிழைத்தோம். தடம் பளபளக்க ஆரம்பித்ததும் பாருங்கள், அப்போதுதான் யார் ஓட்டுகிறவர் என்று தெரியும். கார்கள் நிற்கும் இடத்தில் எதையும் தொடாதீர்கள். உதவிக்கும் தொடாதீர்கள்.

அந்தக் கார் கோயம்புத்தூரில் இரண்டரை லட்சம் போகும். ஆனால் ஆள் வைத்துக் காற்றடித்து வாங்கிய கார் என்று ஒருவன் சொன்னால் போதும், என் கடையில் எவனும் டயர் மாட்டமாட்டான். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் போபோடி வந்ததும் பேசினேன்: காரை நான் வாங்கிக்கொள்கிறேன், இப்போதைக்கு அது உங்களிடமே இருக்கட்டும்.

"அப்பாவுக்கு இன்னா சொல்றது?" என்றார் ஜெயந்தி.

"வித்தாச்சுன்னு சொல்லுங்க அம்மிணி. பொய்யில்லை."

சேகர் முதலில் சிரிக்கவில்லை. ஒரு நிபந்தனை சேர்த்தபிறகு சிரித்தார். முடிவானது இது: கார் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு என்னுடையது, பணம் அன்றே அவர் அப்பா கணக்குக்கு. அடுத்த பந்தயம் வரை கார் போபோடியிலேயே நிற்கும், ஓட்டுவது ஜெயந்தி, டயர் என் செலவு. அதில் முதலிடம் வந்தால் அதே ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு நான் திருப்பிக் கொடுக்கவேண்டும், ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கக்கூடாது. வராவிட்டால் மறுநாளே லாரியில் ஏற்றிக்கொள்ளலாம். சேகரின் நிபந்தனை: பந்தயத்தன்று பழனி, பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்கவேண்டும்.