பினாங்குக் கட்டிலுக்கு அளந்த கை

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். திண்டிவனத்தை விட்டு விழுப்புரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லில் வேலை பார்த்தேன். மேஸ்திரிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்தே என் பிழைப்பு இப்படித்தான். விழுப்புரத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. ரயில் ஜங்ஷன் இருக்கிற ஊரில் எப்படியும் ஒரு வேளைச் சோறு கிடைத்துவிடும் என்பது மட்டும் தெரியும்.

விக்கிரவாண்டி தாண்டியதும் வெள்ளையாக ஏதோ பறந்து வந்து முகத்தில் ஒட்டியது. இலவம் பஞ்சு. முன்னால் ஒரு மாட்டு வண்டி நின்றிருந்தது. மூட்டையில் ஒன்று கிழிந்து, அடிக்கிற காற்றில் பஞ்சு ரோடெல்லாம் பறந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டை விரித்துக்கொண்டு அதைத் துரத்தினார். வண்டியில் ஓர் இளம்பெண் கிழிந்த மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி அதன்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

"இன்னாய்யா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? அந்த முள்ளுல மாட்டிக்கினு கீது பாரு, புடி!" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

முன்பின் தெரியாதவர் அதிகாரம் பண்ணினால் எனக்குக் கோபம் வரும். அன்று என்னவோ, வேலி முள்ளை நோக்கி ஓடினேன். கையெல்லாம் கீறிக்கொண்டு பொறுக்கி வந்து கொடுத்தேன். பறந்தது பறந்ததுதான், பாதியாவது மிஞ்சியது.

"சாக்கு வாயப் புடிச்சிக்கினு யாராவது குந்தினாத்தான் ஆவும்ண்ணா. எனக்கு இன்னா நாலு கையா?" என்றாள் அந்தப் பெண், தன் அண்ணனிடம். அப்படித்தான் எனக்கு வண்டியில் இடம் கிடைத்தது.

"எங்க போறே?" என்று கேட்டார் அண்ணன்காரர்.

"சும்மாதான், விழுப்புரம்."

"சும்மா போறதுக்கு ஒரு ஊரு, அதுக்கு இந்த வெயிலு வேற" என்று மாட்டைத் தட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தகரப் பெட்டி இருந்தது.

வழியில் விஷயம் தெரிந்தது. அவள் புருஷன் பினாங்கில் ஒரு கடையில் வேலையாக இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கப்பலேறிவிட்டார். இப்போதுதான் அங்கே ஒரு வீடு பிடித்து, ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டு, வரச்சொல்லி ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். இரண்டு நாளில் விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயில். அங்கிருந்து கப்பல். அதற்குள் இந்தப் பஞ்சு மெத்தையாக வேண்டும்.

"பினாங்குல பஞ்சு கெடைக்காதாம்மா?" என்று கேட்டேன்.

"பஞ்சு கெடைக்கும். எங்கம்மா வூடு கெடைக்குமா?"

படுக்கை தாய்வீட்டுச் சீர். அவர்கள் கிணற்றங்கரையில் ஓர் இலவ மரம். கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் காய் வெடிக்க வெடிக்க அவள் அம்மா பஞ்சு சேர்த்துவைத்திருக்கிறாள். "அங்க போனா உனக்குத் தெரிஞ்சது இந்த மெத்தை ஒண்ணுதான் இருக்கும்னு அம்மா சொல்லிச்சி" என்றாள். அந்த மூட்டையின் வாயை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் மெத்தைக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். குள்ளமான, சுறுசுறுப்பான மனிதர். நீலக் கோடு போட்ட உறைத்துணி, தலையணைக்குத் தனித் துணி என்று அவள் நிதானமாகப் பார்த்து வாங்கினாள். கட்டிலின் அளவு என்ன என்று பாய் கேட்டார். நாலு முழ நீளம், மூணு முழ அகலம் என்றாள். பாய் துணியை விரித்து, முழங்கையை ஊன்றி ஒன்று, இரண்டு என்று அளந்தார். கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டார்.

"நில்லுங்க பாய். இது உங்க கை முழமாச்சே?"

"முழம்னா முழந்தாம்மா. ஊருக்கு ஒண்ணா இருக்கும்?"

"எங்க வூட்டுக்காரர் கட்டில் மேல தன் கைய வெச்சி வெச்சி அளந்து சொல்லியனுப்பிச்சாரு. அவரு நெட்டை. உங்க கை குட்டைங்க."

தையல் மெஷினில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். பாய் தன் கையை நீட்டித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையாலதாம்மா ஊரு கல்யாண மெத்தையெல்லாம் அளக்குறேன். ஒரு மாப்ளயும் காலு வெளிய நீட்டிக்கினு கீதுன்னு வந்து சண்டை போட்டதில்ல."

"அவங்க உள்ளூரு, எடுத்துக்கினு வந்து மாத்திப்பாங்க. நான் எங்கேர்ந்து வர்றது?"

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். துணியை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். அண்ணன்காரர் தன் கையை வைத்துப் பார்த்தார். பாய் கைக்கு ஒரு விரற்கடைகூட அதிகமில்லை.

அவள் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். அவர் விட்டுவிட்டுப் போன சட்டை. "அப்போ இந்தச் சட்டைக் கைய வெச்சி அளந்துடு, பேஜாரு விட்டுது" என்றார் அண்ணன்.

"சட்டைக் கை மணிக்கட்டோட நின்னுடுதே. வெரலுக்கு எங்க போறது?" என்றவள் குரல் இறங்கிவிட்டது. "அவரு எவ்ளோ நெட்டைன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லண்ணா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கடை வாசலில் தலை இடிக்கிற உயரம்.

அண்ணன்காரருக்குப் புரிந்துவிட்டது. "இன்னாம்மே, ரோட்ல புடிச்சவனுக்கு மாப்ள சட்டையா? அம்மா கேட்டா இன்னா சொல்லும்?"

"மெத்தை குட்டையாப் போனா அம்மா இன்னா சொல்லும்? அதச் சொல்லு முதல்ல." என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, செத்த போட்டுக் காட்டுங்கண்ணா."

கடைப் பானைத் தண்ணீரில் கைகால் முகம் கழுவிக்கொண்டு சட்டையைப் போட்டேன். பூச்சி உருண்டை வாசனை. தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கை மட்டும் மணிக்கட்டில் வந்து கச்சிதமாக நின்றது. அவள் பக்கத்தில் வந்து அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. அண்ணன்காரர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

துணியின் மேல் முழங்கையை ஊன்றினேன். நீளத்துக்கு நாலு தடவை, அகலத்துக்கு மூன்று. பாய் சாக்பீஸால் கோடு போட்டார். நீளத்தில் அவர் முதலில் அளந்த இடத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம்.

"யா அல்லா, காலு வெளியதான் நின்னிருக்கும்" என்றார் பாய்.

சட்டையைக் கழற்றும்போது பொத்தான்கள் சீக்கிரம் வரவில்லை. நானும் அவசரப்படவில்லை. படுத்தால் எனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அதுவரை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. அவள் சட்டையை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அண்ணன்காரர் என்னை ஓட்டலுக்கு அழைத்துப்போய்ச் சோறு வாங்கிக்கொடுத்தார். எழுந்து போகும்போது, "நல்லாத் துன்னு" என்று மட்டும் சொன்னார். பாயிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கடைக்குத் திரும்பினேன். வண்டியில் நான் சொன்னதை அந்தப் பெண் அவரிடம் சொல்லியிருந்தாள் போல. "சும்மா போற ஆளுதான நீ? ரோடு நாளைக்கும் இருக்கும். காலைல ஜல்தியா வேலைக்கு வந்து சேரு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. லாரி மேல், பிளாட்பாரத்தில், கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறேன். தலைக்கு வைக்க ஒன்றும் இல்லாமல் கையை மடக்கி வைக்கிறபோதெல்லாம், இந்தக் கையின் நாலு முழம் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கட்டிலுக்கு அது சரியாக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு பாய் சொன்னபடியே மறுநாள் காலை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அந்தக் கடையில் பஞ்சு அடிக்க உட்கார்ந்தேன். முதல் வேலையே அந்த மெத்தைதான். அடைத்துத் தைத்த பிறகு நாலு முழத்துக்கும் அமுக்கி அமுக்கிச் சமமாக்கினேன். சீர் மெத்தையில் வேறு யாரும் படுத்துப் பார்க்கக் கூடாது என்று பாய் சொல்லியிருந்ததால், கையை மட்டும்தான் அதன்மேல் வைத்தேன்.