அண்ணனின் போனில் வராத செய்தி

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு, உடன் இருப்பவர்கள் வைத்த பெயர் ‘சிஐடி’. திரும்பி வந்த புத்தகத்தை முகர்ந்தே அதில் காபி கொட்டியது யார் என்று சொல்லிவிடுவாள். ஆளுக்கேற்ற செய்தியைப் பொறுக்கிக் கொடுக்கும் ஆப்கள் மீதும் அவளுக்குச் சந்தேகம்தான். “எனக்கு எது பிடிக்கும்னு இதுக்கு யார் போட்டுக் கொடுத்தா?” என்பாள். அவளிடம் இருந்தது பழைய ஃபீட் ரீடர். அவள் சேர்த்துவைத்த தளங்களில் எது வெளியானாலும் வந்த வரிசையில் அப்படியே கொண்டுவந்து கொட்டும்.

அதில்தான் அந்த இடி இறங்கியது. கைப்பந்து அணி சென்ற வேன் கவிழ்ந்தது, பயிற்சியாளர் கவலைக்கிடம். அந்தப் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, அவள் கணவரின் உடன்பிறந்த தம்பி!

அப்பாவின் வீட்டை விற்ற சண்டையில் அறுந்த உறவு அது. தம்பி பேச்சை எடுத்தாலே, லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். அதே செய்தியை அவரும் பார்த்திருப்பார், அவராகவே வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

காலையில் போனும் கையுமாக, ஆளுக்கேற்ற செய்தி தரும் ஆப் ஒன்றைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நியூஸ் எல்லாம் பாத்தாச்சா?”

“ஒண்ணு விடாம. இங்க பாரேன், இந்தப் பூனை பியானோ வாசிக்குது!”

இத்தனை கல்நெஞ்சக்காரரோடா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினோம்? ஒருவேளை உள்ளுக்குள் அழுகிறாரோ? குளியலறைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். விசில் சத்தம்தான் வந்தது.

மறுநாளும் பூனை. அவள் வெடித்துவிட்டாள்.

“கூடப் பொறந்தவன் சாகக் கிடக்கான். உங்களுக்குப் பூனை கேக்குதா?”

அவர் தோளிலிருந்து கருவிப் பை நழுவி விழுந்தது. “என்ன சொல்றே நீ?”

“நடிக்காதீங்க! அதே பேப்பர் உங்க போன்லயும்தான் வருது.”

போனைப் பிடுங்கித் தேடினாள். அந்தப் பத்திரிகையின் மற்ற செய்திகள் எல்லாம் இருந்தன. வேன் மட்டும் இல்லை. ஆப்பின் செட்டிங்ஸுக்குள் நுழைந்து துழாவினாள். ‘மறைக்கப்பட்டவை’ என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. தம்பியின் பெயர்.

அவருக்கு நினைவு வந்துவிட்டது. சண்டை போட்ட சூட்டில், வெற்றிக் கோப்பையோடு தம்பி சிரிக்கும் செய்திப் படத்தைப் பார்த்து ‘இவரைப் பற்றி இனி காட்டாதே’ என்று அழுத்தியிருந்தார். அவர் கோபம் எப்போதோ தணிந்துவிட்டது. போனின் கோபம் மட்டும் தணியவே இல்லை!

“தெரிஞ்சுக்கிட்டே என் மூஞ்சியை வேவு பாத்துட்டு இருந்தியா?” என்றார். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மருத்துவமனையில் தம்பியின் மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“வாங்க, பெரிய மனுஷரே! ஊருக்கே தெரிஞ்சது, உங்களுக்கு இப்பதான் தெரிஞ்சுதா? யார் காதுல பூ சுத்துறீங்க?”

அவர் போனை எடுத்து, மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். போன், மறைத்த பெயர் என்று சொன்னால் இங்கே யார் நம்புவார்கள்?

நூலகக்காரி முன்னால் வந்தாள். “நானே இவரை நம்பலை, தங்கச்சி. உன்னையும் நம்பச் சொல்லலை. தம்பியை ஒரு தடவை பாத்துடட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சந்தேகப்படு.”

தம்பி மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் கதவை விட்டு விலகினாள்.