அவர் சொல்லாமல் வண்டி நகராது

கண்டக்டர் அருளப்பன் இறந்த செய்தியை டைம்கீப்பர் வந்து சொன்னபோது நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, நம்ம அருளப்பண்ணே காலையில தவறிட்டாருண்ணே" என்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கை வரவில்லை.

அவனியாபுரம் தடத்தில் நாங்கள் இருவரும் பல வருடம் ஒன்றாக ஓடியவர்கள். அந்த வண்டியில் போய்வந்த உங்களுக்கு அவருடைய 'ரைட்' மறந்திருக்காது. 'ரை...ட்' என்று இழுத்தால் படியில் கூட்டம், மெதுவாகப் போ என்று அர்த்தம். 'ரைட் ரைட்' என்று அடுக்கினால் மிதிக்கலாம். டீ குடித்து முடித்தாலும் ரைட்தான். சீட்டுக்குச் சண்டை போடுகிறவனிடம், "ரைட்டு, விடு மாப்ள" என்பார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதேதான்: "ரைட்டுண்ணே!"

எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. "விசிலை ஊதித் தொலையேன்யா" என்று கத்துவேன். "விசில யாரு வேணாலும் ஊதலாம்ணே. கடைசிக் காலு படியேறுனதப் பாத்தாத்தான் என் வாயில ரைட் வரும்" என்பார்.

ஒரு பொங்கலன்று ஜல்லிக்கட்டுக் கூட்டம் வண்டியில் பிதுங்கியது. உள்ளேயிருந்து எவனோ, "போலாம் ரைட்!" என்று கூவினான். அது அருளப்பன் குரல் இல்லை. நான் எடுக்கவில்லை. "என்னண்ணே, தூங்கிட்டீகளா?" என்று வண்டியே சிரித்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் அசையவில்லை. கீழே ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், கைதவறி உருண்ட தூக்குவாளியை எடுக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்திருந்திருக்கிறாள். அவளைக் கைபிடித்து ஏற்றி, உட்கார இடமும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவர் குரல் வந்தது. விஷயம் தெரிந்ததும் திரும்பி அருளப்பனைப் பார்த்தேன். "நான் சொல்லாம நீங்க எடுக்க மாட்டீகன்னு தெரியும்ணே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

ஆரப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் ஜெபம் முடிந்து பெட்டியை வேனில் ஏற்றினார்கள். வேன் கிளம்பவில்லை, டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியவர் உள்ளே படுத்திருந்தார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்கண்ணே" என்றார்.

அருளப்பன் எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். வேனுக்குப் பின்னால் போய், குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்தேன். பிறகு தகரத்தைத் தட்டி, அவரைப் போலவே இழுத்துச் சொன்னேன்: "ரை...ட்."