கொஞ்சம் தெரியும்

வெள்ளவத்தையில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்க, ரயிலில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடமும் நான் கடலைப் பார்த்தபடி ஒன்றும் நினைக்காமல் நிற்பேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது போல ஒரு சுகம் அது. இறங்கினால் அலுவலகம், ஆள் எடுக்கும் வேலை.

எங்களுடையது கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பனி. விண்ணப்பங்களை வாசிக்க, வீடியோவில் கேள்வி கேட்க, புள்ளி போட, கடைசியில் வேலை கிடைக்காதவர்களுக்கு என் பெயரில் கடிதம் எழுதவும் ஒரு செயற்கை நுண்ணறிவு வந்திருந்தது. சண்டை பிடித்து அதைக் கொண்டுவந்ததே நான்தான். மனிதர் எடுத்தால் மனசைப் பார்த்து எடுப்பார்கள் என்பது சும்மா கதை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், மாமா யார் என்றுதான் பார்த்தோம். இயந்திரத்துக்கு மாமாமாரைத் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று காலை கடல் வெளிச்சம் பெட்டிக்குள் வந்து எல்லார் முகத்திலும் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ என் தோளைத் தொட்டார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கழுத்தில் சிறிய சிலுவை, கையில் ஒரு பைல்.

"மிஸ், என்னைத் தெரியாது உங்களுக்கு. நான் கொச்சிக்கடை. உங்கட கம்பனியில சுங்கப் பத்திரம் நிரப்புற வேலைக்கு அப்ளை பண்ணினனான். கம்ப்யூட்டர் கேள்வி கேக்கேக்க மூலையில உங்கட படம் இருந்தது."

அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று. கூடிய புள்ளி வாங்கிய ஐந்து பேரைத்தான் நான் திறந்து பார்த்தேன். இந்த முகம் அதில் இல்லை.

அவள் கோபப்பட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பைலிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"நீங்க எழுதின லெட்டர். பிரிண்ட் எடுத்து வச்சிருக்கிறன். எத்தனையோ இடத்துக்குப் போட்டனான், ஒருத்தரும் பதில் போடேல்ல. நீங்க மட்டும் என்ர எட்டு வருஷ வேலையையும் வாசிச்சு எழுதியிருந்தீங்க. அழுதிட்டன் மிஸ்."

கீழே என் கையெழுத்து இருந்தது, அச்சில். எனக்கு வெட்கமாகிவிட்டது. எதையாவது கேட்க வேண்டுமே என்று, எந்தக் கேள்வியில் பிழை வந்தது என்று கேட்டேன்.

"சுங்கப் பத்திரம் நிரப்பத் தெரியுமா எண்டு கேட்டுது. கொஞ்சம் தெரியும் எண்டன்."

"மெய்யாவே கொஞ்சம்தானா?"

அவள் சிரித்துவிட்டு அந்தக் கொஞ்சத்தைச் சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை யாரோ விளையாட்டுச் சாமான் என்று பதிந்ததில் ஒரு கொள்கலன் துறைமுகத்தில் கிடந்த கதை. சரக்குப் பட்டியலை ஒருமுறை பார்த்தே அவள் பிழையைப் பிடித்த கதை. பம்பலப்பிட்டி வந்தது, போனது. நான் இறங்கவில்லை. அலை, தண்டவாளச் சத்தம், அவள் குரல் எல்லாம் ஒன்றாகி ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கம்பனியில் இவளுக்குக் கிட்ட நிற்க ஆளில்லை.

எங்களில் யார் நேர்முகத்தில் 'நன்றாகத் தெரியும்' என்று சொல்கிறோம்? சொன்னால் வாய்க்காரி என்பார்கள். 'கொஞ்சம்' என்று ஒருவர் சொன்னால், எதிரே இருப்பவர் ஒரு தாளை நீட்டி, இதை நிரப்பிக் காட்டுங்கோ என்று சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். இயந்திரம் நீட்டவில்லை. வழக்கம் தெரிந்த நானும் நீட்டவில்லை.

கொள்ளுப்பிட்டியும் கடந்தது. இனி மறைக்க முடியவில்லை.

"அந்த லெட்டரை நான் எழுதேல்ல" என்றேன். "உங்கட விண்ணப்பத்தையும் நான் திறக்கேல்ல. எல்லாம் மெஷின் செய்தது."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய மடிப்பிலேயே கவனமாக மடித்தாள்.

"அப்ப என்னை ஒருத்தரும் பாக்கேல்லையா மிஸ்?"

"இல்லை" என்றேன். அவளுக்கு நானே சொன்ன முதல் பதில் அது.