வேலைக்காரிக்கு மட்டும் எங்கள் பேச்சு

அந்த இயக்குநரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்த அண்ணனிடம், நான் பக்கத்தில் நிற்பதையே கவனிக்காதவர் போல, "உவளே? குரல் நல்லம் எண்டாய். ஆளைப் பாத்தால் வயலில இருந்து நேர வந்த மாதிரிக் கிடக்கு" என்றார். அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் வயலில் இருந்துதான் வந்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடு என்ற பெருங்குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பம். நான் பத்தாவது முடித்துவிட்டு ஆசிரியை வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். வேலை வருவதாகத் தெரியவில்லை. அதுவரைக்கும் அருவி வெட்டு என்று நாங்கள் சொல்லும் கதிர் அறுப்பும் நெல் அவிப்பும்தான். நெல் அவிக்கும் நாட்களில் அயல் பெண்கள் எங்கள் முற்றத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு நான் படக்கதை சொல்லுவேன். கிளிநொச்சிக் கொட்டகையில் பார்த்த படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, எல்லோருடைய குரலிலும் நானே பேசிக் காட்டுவேன். படத்தில் கதாநாயகி மதராஸ் தமிழில் என்ன சொல்லி அழுதாளோ, என் வாயில் அது எங்கள் பேச்சாகத்தான் வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள்.

அண்ணன் என்று நான் சொல்வது என் பெரியம்மாவின் மகனை. கொழும்புக்கு வெளியே ஒரு படப்பிடிப்பு ஸ்டூடியோவில் விளக்குப் பிடிக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். பொங்கலுக்கு வந்திருந்தபோது நான் படக்கதை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எல்லோரும் போனபிறகு, "உன்ர குரலுக்கு எங்கட இடத்தில வேலை இருக்கு. தமிழ்ப்படம் ஒண்டு எடுக்கினம். கதாநாயகிக்குக் குரல் குடுக்க ஆள் தேடினம். பழக்கி எடுப்பினம்" என்றார்.

அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்தா.

"படத்தில கூத்தாடுறதுக்கு நான் பிள்ளை பெறேல்லை."

"ஆடுறேல்லை, சின்னம்மா. முகமே தெரியாது. குரல் மட்டுந்தான்."

"குரலை மட்டும் தனியக் கழட்டிக் குடுக்கேலுமே? அதோட ஆளும்தானே போகும்?"

எங்கள் தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர், "போய்ப் பாக்கட்டும். சரிவராட்டில் வரட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அம்மா அவருடனும் என்னுடனும் கதையை, அதுதான் பேச்சை, நிற்பாட்டினா. நான் கொழும்புக்குக் கோச்சி ஏற ஸ்டேஷனுக்குப் புறப்பட்டபோது வாசலுக்குக்கூட வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டா.

கொழும்பில் அண்ணனும் அவர் மனைவியும் வாடகைக்கு இருந்த அறையில் ஒரு மூலையை எனக்குத் தந்தார்கள். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்குப் போவோம். பயிற்சி என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது நடந்த இடம் ஜன்னல் இல்லாத ஒரு அறை. சுவரெல்லாம் சாக்குத்துணி அடித்திருந்தார்கள். மின்விசிறியின் சத்தம் மைக்கில் விழுமென்று அதையும் நிற்பாட்டிவிடுவார்கள். முன்னால் ஒரு சின்னத் திரை. படத்தின் ஒரு துண்டை வெட்டி, முனைக்கு முனை ஒட்டிப் போடுவார்கள். அதே காட்சி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். வாயசைவுக்குச் சரியாக நான் பேச வேண்டும். காதில் மாட்டுகிற கருவியில் முதலில் கதாநாயகியின் குரல் கேட்கும். அவள் கொழும்பில் வளர்ந்த பெண், வீட்டில் ஆங்கிலம்தான். தமிழ் அவளுக்குப் பல்லில் சிக்கிய பாக்குத்துண்டு போல.

படத்தில் அவள் யார் என்பதை நான் அங்கே போய்த்தான் அறிந்தேன். எங்கள் வன்னியில் பெரிய அளவில் வயல் செய்கிற ஒருவரின் மகள்! எனக்குள் எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அரை நாள்கூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

பழக்குவதற்கு மதராஸிலிருந்து ஒரு அம்மாவை அழைத்திருந்தார்கள். நாடகக் கம்பெனிகளில் இருந்தவர். வெற்றிலையும் கையுமாக எப்போதும் ஒரு சாய்வு நாற்காலியில் இருப்பார். எனக்கு அந்த அறையில் ஒரு கதிரை தர வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையிலிருந்து மாலைவரை மைக்கின் முன்னால் நின்றுகொண்டே இருப்பேன்.

முதலில் வந்த காட்சி, குளக்கட்டில் கதாநாயகி தகப்பனைத் தேடி ஓடிவருவது. நான் திரையைப் பார்த்து, "ஐயா, குளம் உடைஞ்சுபோச்சுது!" என்று கத்தினேன்.

மதராஸ் அம்மா கையைத் தூக்கினார். "நிறுத்து. என்ன பாஷை இது? மலையாளமா?"

"தமிழ்தான் அம்மா."

"அப்பான்னு கூப்பிடு. 'அப்பா, ஏரி ஒடஞ்சுடுச்சுப்பா.' எங்கே, சொல்லு."

"எங்கட நாட்டில ஏரி எண்டு ஒருதரும் சொல்லுறேல்லை. அது குளம்."

"குளத்துல துணி தோய்ப்பாங்க, குளிப்பாங்க. குளம் ஒடஞ்சு ஊர் முழுகுமா?"

எங்கள் இரணைமடுக் குளத்தை அவர் கண்டிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். இயக்குநர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பருத்தித்துறைப் பக்கத்து ஆள். அவருக்குக் குளம் தெரியும். ஆனால், "ஏரி எண்டே சொல்லு" என்றார்.

"குளக்கட்டில நிண்டுகொண்டு ஏரி எண்டு கத்தினால் ஆர் நம்புவினம், சேர்?"

"நீயே படம் எடுக்கிறாய்? எங்கட சனம் இந்தியப் படம் பாத்துப் பழகினதுகள். கதாநாயகி எங்கட கதை கதைச்சால் அதுகளுக்குச் சிரிப்புத்தான் வரும்."

"நான் எங்கட கதையிலதான் படக்கதை சொல்லுறனான். கேட்டவை அழுதவை."

"முற்றத்தில குந்தியிருந்து அழுவினம். கொட்டகையில வந்து இருந்தால் சிரிப்பினம். உனக்கு விளங்காது."

அதற்குப் பிறகு அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சொல்லித் தந்ததைச் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னாலும் மதராஸ் அம்மாவின் காதுக்கு அது மலையாளம்தான். நான் 'ஆமாங்க' என்பேன். ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' அதற்குள்ளும் இருக்கிறது என்பார் அவர். நான் நாக்கை மடிப்பது பிழை, மூச்சு விடுவது பிழை. "வாழைப்பழம்" என்பதை மட்டும் ஒரு காலை முழுவதும் சொல்லவைத்தார். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவர் சொன்னதில்தான் 'ழ' இல்லை. அதைச் சொன்னபோது அவர் என் முகத்துக்கு நேரே வெற்றிலைத் தட்டைத் தள்ளிவிட்டார். தட்டு கீழே விழுந்து சுண்ணாம்பெல்லாம் சிதறியது. பொறுக்கச் சொன்னார். நான் பொறுக்கவில்லை. அண்ணன் வந்து பொறுக்கினார்.

எனக்கு அண்ணன்மேல்தான் அப்போது அதிகக் கோபம். பஸ்ஸில் வரும்போது, "கொஞ்சம் பணிஞ்சு போனால் என்ன? எத்தினை பேர் இந்த இடத்துக்கு வரத் தவம் கிடக்கினம்" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாதம் ஒன்று முடியுமுன், சில கிழமைகளிலேயே, கதாநாயகியின் குரலுக்கு வேறொருத்தி வந்தாள். கொழும்பில் வியாபாரம் செய்த ஒரு தமிழகக் குடும்பத்துப் பெண். எனக்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு காலை நான் போனபோது மைக்கின் முன்னால் அவள் நின்றாள். அவளுக்குக் கதிரையும் போட்டிருந்தார்கள்.

நான் வெளியே மரத்தடியில் நின்றேன். இயக்குநர் அங்கே வந்தார். முகத்தில் அதுவரை காணாத ஒரு சிரிப்பு.

"உனக்கு வேற ஒரு பாத்திரம் இருக்கு. உன்ர குரலுக்கெண்டே செய்த மாதிரி. நீ ஒண்டும் பழகத் தேவையில்லை. வீட்டில கதைக்கிற மாதிரியே கதை. கொஞ்சம் இழுத்துக் கதைச்சால் போதும்."

உள்ளே போனேன். திரையில் சுற்றிக்கொண்டிருந்தது கதாநாயகி வீட்டு வேலைக்காரி. படத்தில் சிரிப்பு மூட்டும் பகிடிப் பாத்திரம் அவள்தான். அவளுக்குரிய வசனத்தைத் தந்தார்கள். "ஓம் அம்மா, அடுப்பில உலை கொதிக்குது, இறக்கி வச்சிட்டு ஓடி வாறன்."

நான் அதை இரண்டு மூன்று தடவை மனதுக்குள் வாசித்தேன். அதில் பகிடி எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. அம்மாவும் நானும் வீட்டில் எந்த நாளும் சொல்கிற வசனம். மைக்கின் முன்னால் நின்று சொன்னேன். இழுக்கக்கூட இல்லை. அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். படம் ஓட்டுகிறவர் சிரித்தார், மதராஸ் அம்மா சிரித்தார், கதவடியில் நின்ற அண்ணனும் சிரித்தார். படத்தில் அதே ஊரில் இருக்கிற அந்தப் பணக்காரத் தகப்பனும் மகளும் மட்டும் மதராஸில் பிறந்தவர்கள் போலப் பேசுவார்கள். உலை இறக்குகிறவள்தான் எங்களைப் போலப் பேச வேண்டும்.

காதில் இருந்ததைக் கழற்றி வைத்தேன். "நான் செய்யமாட்டன்" என்றேன்.

"ஏன்? கஷ்டமே?" என்றார் இயக்குநர்.

"கஷ்டமில்லை. செய்யமாட்டன்."

"இதை விட்டால் உனக்கு வேற என்ன தெரியும் எண்டு நினைக்கிறாய்? கதாநாயகிக்கு உன்ர வாய் திரும்பேல்லை. இதுக்கும் மாட்டாய் எண்டால் வயலுக்குத்தான் போகோணும்."

"போறன்."

வெளியே அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்ர வேலைக்கு உலை வைக்காத. ஒரு நாள் வேலை. கதைச்சுப்போட்டு வா."

"நீங்களும் இந்தக் கதைதானே கதைக்கிறனீங்கள்? போய் நீங்களே கதையுங்கோ. சிரிப்பினம்."

அவர் கையை விட்டார். அடுத்த நாள் நான் கோச்சி ஏறினேன்.

அம்மா என்னைக் கண்டதும், "குரலைத் திருப்பித் தந்தவையே?" என்று கேட்டா. அது ஒன்றுதான் அவ கேட்டது. ஊரில் மற்றவர்கள் கேட்டதுக்குக் கணக்கில்லை. படத்துக்குப் போனவள் என்ற பெயர் வந்துவிட்டது. கல்யாணப் பேச்சுக்கால் வந்த இரண்டு இடமும் அதோடு நின்றன. முற்றத்தில் படக்கதை சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு அந்தப் படம் கிளிநொச்சிக்கு வந்தது. நான் வரமாட்டேன் என்றேன். அம்மாவுக்குத்தான் ஆசை, அவ என்னையும் விடவில்லை. எங்களுடைய நாட்டுப் படம், எங்களுடைய குளம் வருகிறது என்று சனமெல்லாம் பேசியது. அயல் பெண்கள் நாலைந்து பேரும் நாங்களும் பகல் காட்சிக்குப் போனோம்.

குளக்கட்டில் கதாநாயகி ஓடிவந்தாள். "அப்பா, ஏரி ஒடஞ்சுடுச்சுப்பா!" என்று கத்தினாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் அழுதாள். அவளும் மழை நாளில் அதே குளக்கட்டில் நின்று பயந்தவள்.

பிறகு வேலைக்காரி வந்தாள். "ஓம் அம்மா, அடுப்பில உலை கொதிக்குது." கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. பின்னால் நின்ற ஆண்கள் விசிலடித்தார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். மதராஸ் அம்மா. கிழமைக்கணக்காக என் வாயைத் திருத்துகிறேன் என்று இருந்தவர் அதை அச்சொட்டாகப் பழகியிருக்கிறார். நான் மூச்சு விடுகிற இடத்தில் அவரும் விட்டார்.

பக்கத்தில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"என்னத்துக்குச் சிரிக்கிறியள்? நீங்கள் கதைக்கிற மாதிரித்தானே அவள் கதைக்கிறாள்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. "போடி. நான் எங்கை உப்பிடிக் கதைக்கிறனான்?"

இயக்குநர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்காகவும் அவரை நான் வெறுத்தேன். அந்தக் கொட்டகையில் இருந்த அவ்வளவு பேரையும் வெறுத்தேன்.

அடுத்த வருடம் ஆசிரியை வேலை வந்தது. நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். சினிமாவில் பழகிய ஆள் என்று கேள்விப்பட்டுத் தலைமையாசிரியர் பரிசளிப்பு விழா நாடகத்தை என்னிடம் தந்தார். சந்தைக்குப் போகிற ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினேன். பிள்ளைகள் வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசினார்கள். ஒத்திகை பார்த்த தலைமையாசிரியர், "டீச்சர், மேடையிலயும் வீட்டுக் கதையோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

விழாவில் தாய்தகப்பன்மார் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்திலும் சிரித்தார்கள், தாயாக நடித்த பிள்ளை காசைத் தொலைத்துவிட்டு அழுத இடத்திலும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை பாதியில் வசனத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, "விடாத, சொல்லு" என்றேன். சொல்லி முடித்தது.

அதற்குப் பிறகு நாடகம் என்னிடம் வரவில்லை. இன்னொரு ஆசிரியர் அரசர் கதை ஒன்றைப் பழக்கினார். பிள்ளைகள் எல்லோரும் படத்தில் பேசுகிற மாதிரியே பேசினார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் கடைசி வரிசையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டவில்லை.