இல்லாத ஆணியில் மாட்டிய குடை

அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள் என்று என் மகளிடம் சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னாலேயே போய் நானும் நிற்பேன். ஏழு வயதுக் குழந்தையை நம்பி எதையும் விட எனக்குத் தைரியம் கிடையாது. அது சரியா என்றும் தெரியவில்லை. அந்த வயதில் என்னை நம்பி ஒரு படத்தை ஒப்படைத்தார்கள்.

பெரியப்பா அமெரிக்காவில் ஏதோ பழைய சாமான் கடையில் வாங்கிவந்த படம். நூறு வருஷத்துக்கும் முந்தையது. பச்சைப் பெயிண்ட் உரிந்த ஒரு மரக்கதவு. அதில் தொங்கும் சாவி, நசுங்கிய தொப்பி, கத்தரிக்கோல். ஓரத்தில் எதுவும் மாட்டாத ஓர் ஆணி, அதற்கு நிழல்கூட உண்டு. எல்லாம் வெறும் வண்ணம், தொட்டால் வழவழவென்றிருக்கும். கண்ணாடியோ சட்டமோ இல்லாததால், எங்கள் ஜெயநகர் வீட்டுக் கூடத்துக்கு வந்த கேஸ்காரர், கேபிள்காரர் எல்லோரும் ஏமாந்தார்கள்; ஒவ்வொரு முறையும் அம்மா சிரிப்பாள்.

அத்தையைப் பெண் பார்க்க ஆனேக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று மட்டும் அம்மாவால் சிரிக்க முடியவில்லை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. படத்தைக் கழற்றலாமென்றால் பின்னால் சுவர் ஓதம் ஏறிக் கறுத்திருந்தது.

"இங்கயே நில்லு. யாரும் அதுல கை வைக்காம பாத்துக்கோ. ஏதாவது ஆச்சு, உன்னாலதான் அத்தை கல்யாணம் நின்னுச்சுன்னு ஆயிடும்."

படத்துக்குக் கீழே முக்காலியில் தாம்பூலத் தட்டும் ஏற்றிய விளக்கும். நான் பாவாடையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். ஒன்றுக்கு வந்தும் போகவில்லை.

மழையில் வந்த மாப்பிள்ளையின் அப்பா, சொட்டும் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். காபியோடு வந்த அத்தை, குனிந்த தலை நிமிராமல், "அந்த ஆணியில மாட்டிடுங்க மாமா" என்றாள்.

"அட, இங்க இருக்கா!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். குடை நேராக விளக்கின் மேல் விழுந்தது. சுடர் அணைந்து, எண்ணெய் வெற்றிலையெல்லாம் ஓடியது.

"அய்யோ தேவரே!" அந்த ஊர்ப் பழக்கத்தில் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். "வெளக்கே அணைஞ்சுபோச்சு. இதுக்கு மேல என்ன பேசறது? கெளம்புங்க."

"அது படம்ங்க, வெறும் படம்" என்று அப்பா வாசல்வரை ஓடினார்.

"படத்துல குடை மாட்டச் சொல்ற வீட்ல பொண்ணு எடுக்கவா?"

கார் கிளம்பிவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, "ஒரே ஒரு வேலை குடுத்தேன்" என்றாள். நான் ஓவென்று அழுதேன்.

அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவளுடன் வேலை பார்த்த ஒரு கன்னடக்காரரை வீட்டில் வேண்டாமென்று சொல்லியிருந்ததும், அடுத்த வருஷம் அவரையே அவள் கட்டிக்கொண்டதும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று தெரிந்ததெல்லாம், அத்தை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டதும் அவள் உடம்பு குலுங்கியதும்தான். பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். முதுகைத் தடவிக்கொடுத்து, "அடுத்த தடவை ஒழுங்கா பாத்துக்கறேன் அத்தை" என்றேன்.

அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.