கனமான பட்டைகள்

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து தேறிய என் மனைவி மறுநாள் சென்னையிலிருந்து விமானத்தில் எங்கள் தீவுக்கு வருவதாக இருந்தது. வண்டியில் குலுங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் பழைய ஜீப்புக்குப் புது ஷாக் அப்சார்பர்களையும் ஸ்பிரிங் பட்டைகளையும் கப்பலில் வரவழைத்திருந்தேன். டாலிகஞ்ச் பகுதி மெக்கானிக் அவற்றை மாட்டி முடித்ததும், என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பள்ளமும் என் முதுகில் இடித்தது.

"இது லோடு வண்டிக்கான ஹெவி செட்டு. மேடத்த ஏத்தப்போறீங்களா, சிமெண்ட் மூட்டைய ஏத்தப்போறீங்களா சார்?"

தீவில் பலர் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். மறுபடி கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாமே என்று, எதை வாங்கினாலும் இருப்பதிலேயே கனமானதாக வாங்கிவிடுவோம்.

"கோயி பாத் நஹி, பரவால்ல சார். பக்கத்துக்கு ஒரு பட்டைய உருவிட்டா மெத்துனு ஆயிடும்," என்று அவர் மீண்டும் ஜாக்கி வைத்தார். இரண்டாவது ஓட்டத்தில் வண்டி அதே பள்ளங்களில் இறங்கி ஏறியதும் குலுக்கம் அத்துடன் அடங்கியது.

மறுநாள் விமான நிலையத்திலிருந்து மின்னி பேயில் உள்ள எங்கள் வீடுவரை மெதுவாக ஓட்டினேன். கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒருமுறைகூடச் சுளிக்கவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள். "எனக்கு ஒண்ணும் வலிக்கல."